நின்றாலும் இறங்காத முள்

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இன்னும் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறார்கள். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். ரயில்வே குவாட்டர்ஸில் மற்றவர்களுக்கு அவர் டிரைவர் அண்ணே.

நான் அவரிடம் பயர்மேனாக இருந்தேன். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் பாசஞ்சர் வண்டி. அவர் ஓட்டுவார், நான் கரி போடுவேன். முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். வேலை இருந்தவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆள் குள்ளம். கழுத்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. தலை நேராகத் தோளின்மேல் உட்கார்ந்திருக்கும். முகம் எப்போதும் செம்பு நிறம். இஞ்சின் சூட்டினால் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இஞ்சினில் ஏறியதும் ஆவி அழுத்தம் காட்டும் பாய்லர் கேஜின் கண்ணாடியை நடுவிரலால் தட்டுவார். முள் நூற்றெண்பதில் இருக்கும் சிவப்புக் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். ஒரு மயிரளவு கீழே இருந்தால் என்னைப் பார்ப்பார். கரி தானாக உள்ளே போகும்.

வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போதுதான் அவருக்குக் கவனம் அதிகம். ஓடும்போது காற்று இழுத்து நெருப்பு தானாக எரியும். நின்றால் மந்தமாகும். அப்போதும் முள்ளை இறங்க விடாதவன்தான் பயர்மேன் என்பது அவர் கட்சி.

"நின்னா எறங்குறது இஞ்சின் இல்ல தம்பி. கெழட்டு எருமை."

மனிதரையும் அந்தக் கேஜால்தான் அளந்தார். கோப்பிக்கடை முதலாளியான சீனத் தவுக்கேக்கு நூற்றைம்பது போட்டார். கடை திறக்கும்போதும் மூடும்போதும் சீனன் ஒரே ஓட்டமாக ஓடுவான் என்று. ஷெட்டில் கணக்கெழுதும் கிராணிக்கு நாற்பது. பாதிரியாருக்கு ஞாயிற்றுக்கிழமை நூறு, மற்ற நாளில் அறுபது. எனக்கு எழுபது போட்டிருந்தார். கல்யாணம் ஆனதும் அறுபதாகக் குறைத்தார். அண்ணிக்கு மட்டும் எண் கிடையாது.

"அவள அளந்தா கேஜ் வெடிச்சிரும்" என்பார். அண்ணி காதில் விழாத தூரம் பார்த்துத்தான் சொல்வார்.

இன்னொன்று உப்பு. வேர்வையில் போகிற உப்பை வாய் வழியாகத் திருப்பிப் போட வேண்டும் என்று அவராக ஒரு சட்டம் வைத்திருந்தார். கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. அன்னாசிக்கு உப்பு, பப்பாளிக்கு உப்பு, இளநீரிலும் ஒரு சிட்டிகை. கோப்பியில் போட்டு நான் பார்த்ததில்லை. அது ஒன்றுதான் தப்பித்தது.

டிரைவர்களுக்கு வருஷா வருஷம் உடம்புச் சோதனை உண்டு. கலர் கலராக நூல்கண்டுகளைக் கொட்டி, சிவப்பை எடு, பச்சையை எடு என்பார்கள். தூரத்து எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள். எனக்கும் அன்றைக்குத்தான் சோதனை. நான் டிரைவர் பரீட்சை தேறியிருந்தேன். எங்கேயாவது இடம் காலியானால் கூப்பிடுவார்கள். இதில் அண்ணனுக்கு என்மேல் ஒரு குத்தல்.

"என் முதுகையே பாத்துக்கிட்டுக் கரி போடாத. நெருப்பப் பாத்துப் போடு. நான் இப்ப சாகுறதா இல்ல."

அந்த வருஷம் வெள்ளைக்கார டாக்டர் ஒரு புதுப் பெட்டி வைத்திருந்தார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறார்கள். பெட்டிக்குள் பாதரசம் ஏறுகிறது. பிறகு காற்றை விட்டு, முழங்கை மடிப்பில் குழாய் வைத்துக் கேட்கிறார்கள். எனக்கு ஒரு தரம் கேட்டார் டாக்டர். அண்ணனுக்கு மூன்று தரம் கேட்டார். பிறகு கூட இருந்த உதவியாளர் டிரெஸரிடம் இங்கிலீஷில் நிறையப் பேசினார்.

டிரெஸர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்தவர், பொறுமைசாலி. அண்ணனுக்கு விளங்க வேண்டுமே என்று பாடுபட்டுச் சொன்னார்.

"ரெண்டு நம்பர் இருக்கு. மேல நூற்றியெழுபது. கீழ நூற்றியிருபது. டாக்டருக்குக் கீழ இருக்கிற நம்பர்தான் பிடிக்கேல்ல."

"ஏன்?"

"நெஞ்சு அமுக்கேக்க வாறது மேல் நம்பர். அது அடுத்த அமுக்குக்கு முன்னம் கொஞ்சம் சும்மா இருக்குமல்லோ, அப்ப நிக்கிறது கீழ் நம்பர். உங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுறன். மேல, இஞ்சின் ஓடேக்க. கீழ, இஞ்சின் ஸ்டேசனில நிக்கேக்க."

இஞ்சினை இழுத்ததுதான் வினை. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"நின்னாலும் நூத்தி இருபதா?"

"ஓம்."

"எறங்கவே மாட்டேங்குதா?"

"மாட்டன் எண்டுது. அதுதான் பிரச்சினை."

"இதுல என்னங்க ஐயா பிரச்சினை? எங்க இஞ்சினுக்கு நூத்தி எண்பது. எனக்கு நூத்தி எழுபது. பத்துதான் கம்மி!"

டாக்டர் என்னவென்று கேட்டார். டிரெஸர் இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று தெரியாமல் இருமினார்.

தீர்ப்பு இதுதான். ஒரு மாதம் லீவு. கட்டிலில் படுக்க வேண்டும். உப்பு, இறைச்சி, கள் மூன்றும் கூடாது. கோபப்படக் கூடாது. மாதம் முடிந்ததும் மறுபடி காற்றடிப்பார்கள். கீழ் எண் நூற்றுக்குள் வந்தால் இஞ்சின். வராவிட்டால் இஞ்சின் கிடையாது. அந்தக் காலத்தில் இதற்கு மாத்திரை கிடையாது. படுப்பதுதான் மருந்து.

அன்று சாயங்காலம் அவர் போய்ப் படுக்கவில்லை. கோப்பிக்கடைக்குப் போனார்.

"தவுக்கே! நீ என்ன பெரிய ஆளு? நான் சும்மா நிக்கும்போதே நூத்தி இருபது லா!"

அது நல்லதா, நல்லதில்லையா என்று தவுக்கே கோப்பியை ஆற்றிக்கொண்டே மலாயில் கேட்டான்: "அது பாகுஸா, தா பாகுஸா?"

"பாகுஸ்! ரொம்ப பாகுஸ்! நல்லதுக்கும் மேல!"

கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவன் அவர் கணக்கில் கோப்பி குடித்தான்.

டிரெஸர் லேசுப்பட்டவரில்லை. மறுநாள் குவாட்டர்ஸுக்கே வந்து அண்ணியிடம் பேசினார். இந்த முறை இஞ்சினை இழுக்கவில்லை. உடம்பு முழுக்க ரத்தக் குழாய் இருக்கிறது என்றார். ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் குழாய் கொஞ்சம் தளர்ந்து மூச்சுவிட வேண்டும் என்றார். இவருக்குத் தளர்வதே இல்லை. இப்படியே போனால் குழாய் தடித்துப்போகும், எங்கேயாவது கசியும் அல்லது வெடிக்கும்.

"மூளையில வெடிச்சால் கை கால் விழுந்திடும். கண்ணில கசிஞ்சால் பார்வை போகும். குண்டிக்காய், அதுதான் சிறுநீரகம், கெட்டால் உடம்பு ஊதும். நெஞ்சும் களைச்சுப் போகும்."

"இப்ப அவருக்கு வலிக்குதுங்களா?" என்றாள் அண்ணி.

"வலிக்காது. அதுதான் இதின்ர கள்ளத்தனம்."

அண்ணி உடனே எழுந்தாள். உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீடான எங்கள் வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போய்க் கருவாட்டுப் பானையைக் கொண்டுவந்தாள். பிறகு ஊறுகாய். அந்த மாதம் எங்கள் வீட்டில் நல்ல சாப்பாடு.

அண்ணன் கட்டிலில் படுத்தார். குவாட்டர்ஸே வந்து பார்த்துவிட்டுப் போனது. அவர் படுத்து யாரும் பார்த்ததில்லை. கையை மார்பின்மேல் கட்டிக்கொண்டு, கூரையை முறைத்துக்கொண்டு கிடப்பார். தண்டவாளம் வீட்டுக்குப் பின்னால்தான். வண்டி போகிற சத்தத்தில் எந்த இஞ்சின், யார் ஓட்டுகிறான், கரி எப்படிப் போடுகிறான் எல்லாம் அவருக்குத் தெரியும். படுத்த இடத்திலிருந்தே கத்துவார்.

"டேய்! இப்படியாடா ரெகுலேட்டரத் தொறப்ப? மாட்டு வண்டியா அது?"

"கண்ண மூடிப் படுங்க" என்பாள் அண்ணி.

"மூடினா காது தொறந்துக்குது."

சாப்பாட்டு நேரம் அதைவிட மோசம்.

"இது என்ன, சோறா? நனைஞ்ச பஞ்சா?"

"நூறு வரட்டும். அப்புறம் போர்ட்டுக்குப் போயி கடலையே குடிங்க."

"ஒரே ஒரு கல் உப்பு."

"மொதல்ல நூறு."

பேரம் அதோடு முடியும். அவர் பஞ்சைத் தின்பார்.

நான் டியூட்டி முடிந்து போய்ப் பார்ப்பேன். அவருக்குப் பதிலாக ஓட்டியவரைப் பற்றித்தான் கேட்பார். பத்து தீகா ஸ்டேஷனில் நின்றபோது முள் எங்கே இருந்தது? இறங்கிவிட்டது என்பேன். இறங்கவில்லை. அந்த மனிதர் நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் இறங்கியது என்று கேட்டால் அண்ணன் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார். தூங்கினால் நல்லது என்று டிரெஸர் சொல்லியிருந்தார்.

மாதக் கடைசியில் அண்ணியின் தம்பி சுங்கை வே தோட்டத்திலிருந்து ஒரு டின் நிறைய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வந்தான். ரத்தத்தை எடுத்தால் வேகம் குறையும் என்று தோட்டத்தில் யாரோ சொன்னார்களாம். படுத்ததிலிருந்து அண்ணன் உற்சாகமாக இருந்தது அன்றைக்குத்தான்.

"சேஃப்டி வால்வு!" என்றார். "இது எனக்குப் புரியுது. வை."

பிடரியில் வைத்தான். அட்டைகள் குடித்துக் கொழுத்து ஒவ்வொன்றாக விழுந்தன. அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு இப்ப எவ்வளவு இருக்கும்?"

சோதனை நாளில் நானும் கூடப் போனேன். டாக்டர் காற்றடித்தார். அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சை விடச் சொல்லி இன்னொரு தரம் அடித்தார். கீழ் எண் தொண்ணூற்றெட்டு.

"வேலைக்குப் போகலாம்" என்றார் டிரெஸர். "ஆனால் ஒண்டு. இது படுத்துக் கிடந்ததால வந்த நம்பர். நீங்கள் எழும்பினால் அதுவும் எழும்பும். உப்பைத் தொடாதேங்கோ. தலையிடிச்சால், கண் மங்கினால், உடன வாங்கோ."

வெளியே வந்தோம். வேலை தப்பியது. நான் சந்தோஷப்பட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். கோப்பிக்கடையைத் தாண்டும்போது சாலையின் மறுபக்கம் போனார்.

"தொண்ணூத்தெட்டு" என்றார். "வெளிய சொல்லிறாத தம்பி. மானம் போயிரும்."

திரும்ப இஞ்சினில் ஏறினார். வீட்டில் பஞ்சுச் சோறுதான் தொடர்ந்தது. ஆனால் கிள்ளானில் வண்டி திரும்ப நேரம் இருக்கும். பாசார்ச் சந்தையில் ஒருத்தி கருவாடு பொரித்து விற்பாள். அண்ணியின் கை அங்கே நீளாது. முதலில் வாசம் பிடிக்க மட்டும் போனார். அடுத்த வாரம் உட்கார்ந்து தின்றார். நான் சொல்லிப் பார்த்தேன்.

"நீ எனக்கு பயர்மேன்" என்றார். "பொண்டாட்டி இல்ல."

கொஞ்ச நாளில் காலையில் பிடரியைப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார். ஈரத் துணியை முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டு ஓட்டுவார். தூக்கம் பத்தவில்லை என்பார். ஒரு நாள் பத்து தீகாவில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. இஞ்சின் துடைக்கிற பஞ்சை எடுத்து அமுக்கிக்கொண்டார்.

"அட்டை மிச்சம் வச்சது" என்றார்.

பிறகு சிக்னல் கைகாட்டி. எட்டத்தில் கைகாட்டி மரம் தெரிய ஆரம்பித்ததும், "என்ன தம்பி காட்டுறான்?" என்று கேட்பார். நான் பார்த்துச் சொல்வேன். கை இறங்கியிருந்தால் போகலாம், நீட்டிக்கொண்டிருந்தால் நிற்க வேண்டும். பயர்மேனும் பார்த்துச் சொல்வது வழக்கம்தான். ஆனால் அவர் அதற்கு முன்னால் என்னைக் கேட்டதே கிடையாது.

"உன் கண்ணு வேலை செய்யுதான்னு பாக்குறேன்" என்றார்.

"டிரெஸர்கிட்ட போவோம்ணே."

"போனா காத்தடிப்பான். அடிச்சா நம்பர் வரும். நம்பர் வந்தா சீட்டக் கிழிச்சிருவான். நாலு பிள்ளைங்க தம்பி. ஊருக்குக் கப்பலேத்தினா அங்க எனக்கு யாரு இருக்கா? நான் பொறந்ததே இங்கதான்."

கைகாட்டிகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவர் அதன் பிறகும் சில வருஷம் இருந்தார். கால் வீங்கியது. ஒரு காலையில் இடது கை தூக்க வரவில்லை. வாய் கொஞ்சம் கோணியது. டிரெஸர் சொன்னவை எல்லாம் வந்தன. கோணிய வாயோடும் எனக்கு எண் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அதெல்லாம் பின்னால். அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கிள்ளானுக்கு முன்னால் வண்டி நின்ற நாள்.

மத்தியானம். மழை பெய்து ஓய்ந்து வெயில் அடித்தது. லாலான் புல்லிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கிள்ளானில் ஏதோ கோவில் திருவிழா. மூன்றாம் வகுப்பில் நிற்க இடமில்லை. வாசலிலும் தொங்கிக்கொண்டு வந்தார்கள். கரி அன்றைக்கு மட்டம். நெருப்புக்குள் கட்டி கட்டியாகப் பிடித்துக்கொண்டது. நான் நீளக் கம்பியை உள்ளே விட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். கிள்ளானுக்கு வெளிக் கைகாட்டி வரும் இடம்.

"என்ன காட்டுறான்?"

"இருங்கண்ணே, கம்பி மாட்டிக்கிச்சு."

அவர் மறுபடி கேட்கவில்லை. ஆவி விடும் ரெகுலேட்டரை மூடினார். பிரேக்கைப் போட்டார். வண்டி முனகிக்கொண்டு நின்றது. நான் கம்பியை உருவிவிட்டு எட்டிப் பார்த்தேன். கை இறங்கியிருந்தது. பட்டப்பகலில், மேகம் கூட இல்லை, சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"எறங்கித்தானண்ணே இருக்கு!"

அவர் தலையை வெளியே நீட்டினார். கண்ணைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு இஞ்சினைவிட்டு இறங்கி, ஜல்லிமேல் நடந்து, கைகாட்டி மரத்தின் கிட்டே போனார். அடியில் நின்று, கையை நெற்றிக்கு மேல் வைத்து, அண்ணாந்து பார்த்தார். நின்றுகொண்டே இருந்தார். திரும்பி வந்தார்.

"மரம் தெரியுது" என்றார். "கை தெரியல."

அதற்குள் பெட்டிகளில் கூச்சல்.

"ஏய் டிரைவர்! வழியில படுத்துத் தூங்குறியா?"

"சாமி தேரு திரும்பினப்புறம் போயி எதக் கும்புட?"

"எறங்கித் தள்ளவா, சொல்லு!"

பின்னாலிருந்து கார்டு கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"என்னண்ணே ஆச்சு? கை எறங்கியில்ல இருக்கு? ஏன் நிறுத்தினீங்க?"

நான் முந்திக்கொண்டேன். "மாடு. குறுக்க வந்திருச்சு."

அந்தப் பக்கம் மாடு வருவது உண்டு. கார்டு லாலானைப் பார்த்தான். நம்பிவிட்டான். எழுதிக்கொள்ளப் பென்சிலை எடுத்தான். அதோடு போயிருக்கும்.

"மாடு இல்ல" என்றார் அண்ணன். "எனக்குக் கண்ணு தெரியல. அப்படியே எழுது."

"அண்ணே, அத எழுதினா மேல கேப்பாங்க. அப்புறம் உங்கள..."

"எனக்குத் தெரியாதா? எழுது."

கார்டு என்னைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் பெட்டிகள் பக்கம் திரும்பியிருந்தார்.

"அங்க எத்தன பேரு தொங்குறாங்க பாரு" என்றார். "எனக்கு ஒருத்தன் மொகம் தெரியல. சத்தம்தான் வருது."

கார்டு எழுதினான். எழுதி முடிக்கும்வரை அண்ணன் பக்கத்திலேயே நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏறு. நீ ஓட்டு. பாஸ் பண்ணினவன்தானே."

"நீங்க?"

"நான் இந்தப் பக்கம்."

ஏறியதும் கரி அள்ளக் குனிந்தார். கரி மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி ஓரத்தில் சாத்தினேன். கிள்ளான் பக்கத்தில்தான். இருந்த நெருப்பு போதும். அவர் நான் உட்காரும் மரப் பெட்டிமேல் உட்கார்ந்து முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டார். நான் ரெகுலேட்டரைத் திறந்தேன்.

கிள்ளானில் வண்டி நின்றதும் ஜனம் இஞ்சினைச் சூழ்ந்துகொண்டது. ரெகுலேட்டர் பக்கம் இருந்தவன் நான், அதனால் என்னைத்தான் பிடித்தார்கள். ஒருவன் என் சட்டையை இழுத்தான். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் மறுபக்கமாக இறங்கிச் சுற்றி வந்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார்.

"திட்டுறதுன்னா என்னத் திட்டுங்க. நிறுத்தினது நான். இவன் இப்பதான் ஓட்ட ஆரம்பிச்சான்."

திட்டினார்கள். அம்மாவை இழுத்தார்கள், அப்பாவை இழுத்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, இந்த ஆளுக்கெல்லாம் யார் வண்டியைக் கொடுத்தது என்று கேட்டாள். அவளுக்கு மட்டும் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். ஏன் நிறுத்தினார் என்று யாருக்கும் சொல்லவில்லை. கடைசி ஆள் ஸ்டேஷனைவிட்டு வெளியே போகும்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டார்.